முட்டைக்கோஸ் வேரில் கட்டியைக் கட்டுவது யார்?

மதியம் வெயில் ஏறும்போது முட்டைக்கோஸ் இலைகள் துவண்டு தொங்கும், சாயங்காலம் ஆனால் மறுபடி நிமிர்ந்துகொள்ளும். மண்ணில் ஈரம் இருக்கிறது, இலையில் புழுவும் இல்லை, புள்ளியும் இல்லை, அப்புறம் ஏன் வாடுகிறது என்று புரியாமல் இன்னும் கொஞ்சம் தண்ணீர் பாய்ச்சுவார்கள். நாலைந்து நாள் இப்படியே போன பிறகு ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். சல்லிவேர் இருக்க வேண்டிய இடத்தில் இஞ்சிக் கிழங்கு மாதிரி விரல்விரலாகப் பருத்த கட்டி. வேளாண்மைத் துறையினர் கிளப்ரூட் என்று சொல்லும் வேர்வீக்க நோய் இதுதான். இங்கிலாந்தின் பழைய விவசாயிகள் இதைக் 'கைவிரல் கால்விரல்' என்றே கூப்பிட்டார்கள். ஜெர்மன், பிரெஞ்சு, ரஷ்யப் பெயர்கள் மூன்றிலும் 'குடலிறக்கம்' என்ற பொருள் இருக்கிறது. பார்த்தவர்களுக்கு எல்லா ஊரிலும் உடம்பு வீக்கம்தான் ஞாபகம் வந்திருக்கிறது.

முட்டைக்கோஸோடு நிற்கிற நோய் இல்லை இது. காலிஃபிளவர், புரோக்கோலி, நூல்கோல், முள்ளங்கி, டர்னிப், சைனீஸ் முட்டைக்கோஸ், கடுகு, எண்ணெய்க்காகப் பயிரிடும் கனோலா என்று கடுகுக் குடும்பத்தையே பிடிக்கும். நம் பக்கம் நீலகிரியில் இது பதிவாகியிருக்கிறது, வடக்கே டார்ஜிலிங் மலைப் பகுதியிலும் உண்டு. வேர்முடிச்சு நூற்புழுவோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய, அதனால் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நூற்புழு போடும் முடிச்சுகள் பெரும்பாலும் சின்னச் சின்ன மணிகளாக வேரில் கோத்த மாதிரி இருக்கும். இதில் வேரே மொத்தமாகப் பருத்து, நடுவில் தடித்து, முனைகள் கூம்பிப் போயிருக்கும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

நான் இங்கே பேச வந்தது அந்தக் கட்டியைப் பற்றி. அதைக் கட்டுவது கிருமி என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் கட்டுவது செடி. அந்தக் கட்டியின் சதை முட்டைக்கோஸின் சொந்தச் செல்கள், அவற்றைப் பெருக்கவும் பருக்கவும் செய்வது முட்டைக்கோஸின் சொந்த ஹார்மோன்கள். கிருமி உள்ளே உட்கார்ந்துகொண்டு உத்தரவை மட்டும் மாற்றி எழுதுகிறது. இது புரிந்தால்தான் இந்த நோய்க்கு ஏன் மருந்து எளிதில் கிடைப்பதில்லை என்பதும் புரியும்.

கிருமியின் பெயர் பிளாஸ்மோடியோபோரா பிராசிக்கே. 19ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் சுற்றுவட்டாரத்தில் முட்டைக்கோஸ் விளைச்சலை இது பாழாக்கியபோது, மிகயீல் வோரோனின் என்ற ரஷ்ய ஆய்வாளர் வீங்கிய வேர்களை நுண்ணோக்கியில் வைத்து வருடக்கணக்கில் பார்த்து, 1878இல் விரிவாக எழுதினார். பழைய பாடப் புத்தகங்கள் இதைப் பூஞ்சை என்றே சொல்லும். பூஞ்சையும் இல்லை, பாக்டீரியாவும் இல்லை, இது ஒரு செல் உயிரிகளில் ரைசேரியா என்ற கூட்டத்தைச் சேர்ந்தது. வெறும் பெயர்த் தகராறு என்று இதை ஒதுக்க முடியாது, பூஞ்சைக்கென்று செய்த மருந்துகளில் பல இதனிடம் சரியாக வேலை செய்யாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு குணம், உயிருள்ள செடிக்குள் இல்லாமல் இதனால் வளரவே முடியாது. ஆய்வகத்தில் வெறும் ஊட்டக் கரைசலில் வளர்த்துப் பார்க்கலாம் என்றால் வளராது. 2015இல் இதன் மரபணுத் தொகுப்பு முழுமையாக வெளியானபோது காரணமும் தெரிந்தது. தனக்கு வேண்டிய சில அடிப்படைப் பொருள்களைத் தானே செய்துகொள்ளும் மரபணுக்களையே இது தொலைத்துவிட்டிருக்கிறது. எல்லாம் செடி கொடுக்க வேண்டும்.

தாக்குதல் இரண்டு கட்டமாக நடக்கும். மண்ணில் தூங்கிக்கொண்டிருக்கும் கிருமியின் வித்து, சுமார் மூன்று மைக்ரான்தான் இருக்கும், பக்கத்தில் வேர் வந்ததும் முளைத்து, இரண்டு கசையிழைகளால் மண் ஈரத்தில் நீந்திப் போய் வேர்த்தூவிக்குள் நுழைகிறது. இந்த முதல் கட்டத்தில் வெளியே ஒன்றும் தெரியாது, நோய் எதிர்ப்பு உள்ள ரகங்களிலும் இது பல நேரம் நடந்துவிடும். அங்கே பெருகி வெளிவரும் இரண்டாவது தலைமுறைதான் வேரின் உட்புறத் திசுவுக்குள் போகிறது. வீக்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. செல்கள் தாறுமாறாகப் பிரிகின்றன, சில செல்கள் சாதாரண அளவைவிடப் பல மடங்கு பெருக்கின்றன, ஒவ்வொன்றுக்குள்ளும் கிருமி கஞ்சி மாதிரி நிறைந்து கிடக்கிறது. கடைசியில் அந்தக் கஞ்சி முழுவதும் புதிய வித்துகளாக மாறி, கட்டி அழுகும்போது கோடிகோடியாக மண்ணில் கொட்டுகிறது.

சரி, செல்லைப் பெருக்க வைக்கும் ஹார்மோன்களுக்கு வருவோம். பள்ளியில் படித்த இரண்டு பெயர்களை நினைவுபடுத்திக்கொண்டால் போதும், ஆக்சின், சைட்டோகைனின். திசு வளர்ப்பு வாழைக் கன்று வாங்கியவர்கள் எல்லோரும் இந்த இரண்டின் வேலையையும் கையில் பிடித்துப் பார்த்தவர்கள்தான். கண்ணாடிக் குடுவையில் இருக்கும் திசுத் துண்டுக்கு சைட்டோகைனின் தூக்கலாகக் கொடுத்தால் குருத்து வரும், ஆக்சின் தூக்கலாகக் கொடுத்தால் வேர் விடும், இரண்டையும் ஏறக்குறைய சமமாகக் கொடுத்தால் குருத்தும் இல்லாமல் வேரும் இல்லாமல் ஒரு சதைக் கட்டி வளரும். 1957இல் ஸ்கூக், மில்லர் இருவரும் புகையிலைத் திசுவில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். வீங்கிய முட்டைக்கோஸ் வேரைப் பார்த்த யாருக்கும் அந்த மூன்றாவது குடுவைதான் நினைவுக்கு வரும். ஆய்வாளர்களுக்கும் அப்படித்தான் வந்தது, கட்டிக்குள் ஆக்சினும் சைட்டோகைனினும் ஏறியிருக்கின்றனவா என்று தேட ஆரம்பித்தார்கள்.

ஆக்சின் கதை எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முட்டைக்கோஸை வேகவைக்கும்போது வரும் அந்த வாசம், கடுகை அரைக்கும்போது மூக்கில் ஏறும் காரம், இரண்டுக்கும் மூலம் குளுக்கோசினோலேட் என்ற பொருள்கள்தான். பூச்சி கடித்தாலோ செல் உடைந்தாலோ மைரோசினேஸ் என்ற நொதி இவற்றைப் பிளக்கும், காரம் வெளிப்படும், அது இந்தக் குடும்பத்தின் தற்காப்பு ஆயுதம். இந்தக் கூட்டத்தில் குளுக்கோபிராசிசின் என்று ஒன்று இருக்கிறது, அதன் உடம்பில் இருக்கும் இண்டோல் வளையம் ஆக்சினிலும் இருக்கிறது. குளுக்கோபிராசிசின் பிளந்தால் இண்டோல் அசிட்டோநைட்ரைல் வரும், அதை நைட்ரிலேஸ் என்ற நொதி இன்னும் ஒரு படி மாற்றினால் ஆக்சினே வந்துவிடும். அப்படியானால் கடுகுக் குடும்பம் மட்டும் ஏன் இப்படி வீங்குகிறது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது, செடி தன் ஆயுதக் கிடங்காக வைத்திருப்பதைக் கிருமி ஆக்சின் கிடங்காக மாற்றிக்கொள்கிறது என்று 1970களில் ஒரு கருத்து எழுந்தது. கேட்கவே அவ்வளவு கச்சிதமாக இருக்கிறது. அதற்குச் சாட்சியும் வந்தது. கடுகுக் குடும்பத்தின் ஆய்வகச் செடியான அரபிடாப்சிஸில் ஒரு நைட்ரிலேஸ் மரபணு பழுதான செடிகளில் வேர்வீக்கம் தாமதமானது.

ஆனால் 2008இல் இன்னொரு சோதனை வெளிவந்தது. இண்டோல் குளுக்கோசினோலேட்டையே செய்ய முடியாத அரபிடாப்சிஸ் செடிகளுக்கு நோயைக் கொடுத்துப் பார்த்தார்கள். கிடங்கே காலி, வீக்கம் வரக்கூடாது. வழக்கம்போல வந்தது. ஆகவே அந்த வழி ஆக்சின் கூடுவதற்கு உதவலாம், அது ஒன்றுதான் வழி என்று இனிச் சொல்ல முடியாது. செடிக்கு ஆக்சின் செய்ய வேறு பாதைகளும் இருக்கின்றன, ஒன்றை அடைத்தால் மற்றொன்று திறக்கும். இன்றும் சில கட்டுரைகளில் பழைய கச்சிதமான கதையே முழு உண்மை மாதிரி எழுதப்படுவதைப் பார்க்கிறேன், அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொன்னேன்.

கிருமி தன் பங்குக்கும் கைவைக்கிறது. ஆக்சினோடு ஓர் அமினோ அமிலத்தை ஒட்டவைத்து அதன் வேலையை நிறுத்திவைக்கும் நொதிக் குடும்பம் ஒன்று செடிகளில் உண்டு, ஜிஎச்3 என்று பெயர். அதே வேலையைச் செய்யும் நொதிக்கான மரபணு இந்தக் கிருமியிடமும் இருக்கிறது. பின்னால் பார்க்கப்போகும் தற்காப்பு ஹார்மோனான ஜாஸ்மோனிக் அமிலத்தோடும் அந்த நொதி இப்படி அமினோ அமிலத்தை ஒட்டுகிறது. ஹார்மோனைக் கூட்டுவது மட்டுமில்லை, எங்கே கூட வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்று சரிக்கட்டும் கருவியும் அதன் கையில் இருக்கிறது என்றுதான் இதைப் படிக்க வேண்டியிருக்கிறது.

சைட்டோகைனின் பக்கம் போனால் நிலைமை இன்னும் தலைகீழ். செல் பிரிவதைத் தூண்டுவது சைட்டோகைனின், ஆகவே கட்டியில் அது எக்கச்சக்கமாக இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். ஆரம்ப நாள்களில் சைட்டோகைனினை அழிக்கும் செடியின் சொந்த நொதிகள் அடக்கப்படுகின்றன, அந்த அழிக்கும் நொதியை வலுக்கட்டாயமாக அதிகம் செய்யவைத்த அரபிடாப்சிஸ் செடிகளில் நோய் குறைந்தது, இது 2006இல் வந்த முடிவு. இதுவரை எதிர்பார்த்தபடிதான். கட்டி வளர்ந்த பிறகு அளந்து பார்த்தால் சைட்டோகைனின் அளவு ஏறுவதற்குப் பதிலாக இறங்கியிருந்தது, கிருமியிடம் சொந்தமாக இருக்கும் சைட்டோகைனின் மரபணுக்களின் பங்கும் சொற்பம்தான் என்று 2016இல் வேறு ஒரு குழு காட்டியது. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. தொடக்கத்தில் கதவைத் திறக்க ஒரு ஹார்மோன் வேண்டும், திறந்த பிறகு அது தேவையில்லை. நாள் எது, திசு எது என்று சொல்லாமல் 'இந்த நோயில் இந்த ஹார்மோன் கூடும்' என்று ஒருவர் சொன்னால், அந்த வாக்கியத்துக்குப் பாதி அர்த்தம்தான்.

இந்த இடத்தில் இன்னொரு கேள்வி. கட்டி எதற்கு? கிருமிக்கு அது இல்லாமல் முடியாதா? 2012இல் வந்த ஓர் ஆய்வில் செல் பிரிவையே மட்டுப்படுத்திய அரபிடாப்சிஸ் செடிகளை எடுத்துக்கொண்டார்கள். வீக்கம் குறைந்துவிட்டது. ஆனாலும் கிருமி தன் வாழ்க்கைச் சுழற்சியை முடித்து வித்தும் விட்டது. நாம் நோய் என்று கண்ணால் பார்ப்பது கிருமி பிழைப்பதற்குக் கட்டாயம் இல்லை, தன் குடும்பம் பெருக அது வசதி செய்துகொள்ளும் பெரிய வீடு, அவ்வளவுதான். அதோடு, புதிதாக எதையும் அது உருவாக்கவில்லை, வேரில் ஏற்கெனவே பிரிந்துகொண்டிருக்கும் வளர்திசுக்களைத்தான் தூண்டிவிடுகிறது என்பதும் அந்த ஆய்வில் தெரிந்தது.

மதிய வாட்டத்துக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. வேரின் நடுவில் கேம்பியம் என்ற வளர்திசு ஒரு பக்கம் தண்ணீர் ஏற்றும் சைலக் குழாய்களையும், மறுபக்கம் சர்க்கரை இறக்கும் புளோயக் குழாய்களையும் உண்டாக்குகிறது. எந்தப் பக்கம் எவ்வளவு என்று முடிவு செய்வதில் ஆக்சினும் சைட்டோகைனினும் பிராசினோஸ்டீராய்டு என்ற இன்னொரு வளர்ச்சி ஹார்மோனும் சேர்ந்து வேலை செய்கின்றன. நோய் பிடித்த வேரில் சைலம் உண்டாவது அடங்கிப்போகிறது, புளோயம் கூடுகிறது. 2018இல் வந்த ஆய்வு ஒன்று, சர்க்கரையை வெளியே கடத்தும் ஸ்வீட் என்ற புரதங்கள் கட்டிக்குள் முடுக்கிவிடப்படுவதையும், அவற்றில் இரண்டு இல்லாத செடிகளில் நோய் பின்தங்குவதையும் காட்டியது. அதாவது இலை தயாரிக்கும் சர்க்கரையைக் கட்டிக்கு இறக்கும் குழாய் பெருக்கிறது, இலைக்குத் தண்ணீர் ஏற்றும் குழாய் குறைகிறது. வெயில் நேரத்தில் தேவைப்படும் தண்ணீரை அந்த வேரால் ஏற்ற முடியாது, எத்தனை முறை பாய்ச்சினாலும். அதிகமாகப் பாய்ச்சினால் கிருமியின் நீந்தும் வித்துக்குத்தான் வசதி. பிராசினோஸ்டீராய்டைப் பொறுத்தவரை, ஜெர்மனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யுட்டா லுட்விக் மியூல்லரின் குழு 2014இல் அதன் உற்பத்தியை ஒரு வேதிப்பொருளால் தடுத்தபோது கட்டிகள் சிறுத்தன. இந்த நோயின் ஹார்மோன் பக்கம் நமக்குத் தெரிந்ததில் கணிசமான பங்கு அந்தக் குழுவிலிருந்து வந்தது.

இதுவரை வளர்ச்சி ஹார்மோன்கள். செடிக்குத் தற்காப்பு ஹார்மோன்களும் இருக்கின்றன, முக்கியமாக சாலிசிலிக் அமிலமும் ஜாஸ்மோனிக் அமிலமும். உயிருள்ள செல்லில் குடியேறி உண்ணும் கிருமிக்கு எதிராக சாலிசிலிக் அமிலம், செல்லைக் கொன்று உண்ணும் கிருமிக்கும் கடிக்கும் பூச்சிக்கும் எதிராக ஜாஸ்மோனிக் அமிலம் என்பது பொதுவாகச் சொல்லும் பிரிவினை. நம் கிருமி முதல் வகை, ஆகவே சாலிசிலிக் அமிலம்தான் அதற்குப் பகை. ஆஸ்திரேலியாவில் புரோக்கோலிக்கு வெளியிலிருந்து சாலிசிலிக் அமிலம் கொடுத்துப் பார்த்த சோதனைகளில் வேர்வீக்கம் குறைந்தது, 2013இல் அது வெளியானது.

கிருமிக்கும் இது தெரிந்திருக்கிறது. சாலிசிலிக் அமிலத்தோடு ஒரு மீதைல் கொத்தை ஒட்டிவிடும் நொதி அதனிடம் இருக்கிறது. ஒட்டியதும் அது மீதைல் சாலிசிலேட் ஆகிவிடும், எளிதில் ஆவியாகிப் பறந்துவிடும் பொருள். வலிக்குத் தடவும் தைலத்தில் வரும் அந்த வாசம் இதுதான், நீலகிரியில் காய்ச்சி விற்கும் வின்டர்கிரீன் எண்ணெயின் வாசமும் இதேதான். செடி எச்சரிக்கை மணி அடிக்க வைத்திருந்த பொருளை வாசமாக மாற்றிக் காற்றில் விட்டுவிடுகிறது கிருமி. அந்த ஒரு மரபணுவை மட்டும் எடுத்து அரபிடாப்சிஸில் வைத்துப் பார்த்தபோது அந்தச் செடிகள் நோய்க்கு இன்னும் எளிதாக வசப்பட்டன. இதைப் படித்த நாளிலிருந்து, ஒரு செல் உயிரி என்று அதைச் சாதாரணமாக நினைக்க எனக்கு மனம் வருவதில்லை.

ஜாஸ்மோனிக் அமிலத்தின் கதை செடிக்குச் செடி மாறுகிறது. பிரான்சில் ரென் நகரத்துக் குழு 2015இல் இரண்டு அரபிடாப்சிஸ் ரகங்களை ஒப்பிட்டது. பாதி எதிர்ப்பு உள்ள ஒரு ரகத்தில் சாலிசிலிக் வழி முடுக்கிவிடப்பட்டது. நோய்க்கு எளிதில் வசப்படும் மற்ற ரகத்தில் ஜாஸ்மோனிக் வழி வீக்கத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தியது. எத்திலீன் என்ற இன்னொரு ஹார்மோனும் கட்டி பெரிதாவதைக் கட்டுப்படுத்துகிற பக்கத்தில்தான் நிற்கிறது.

இப்போது வயலுக்கு வரலாம். ஹார்மோன்தான் காரணம் என்றால் ஹார்மோனையே தெளித்துச் சரி செய்யலாமே என்று தோன்றும். வளர்ச்சி ஊக்கி டானிக் விற்பவர்கள் அப்படிச் சொல்வதுண்டு. எனக்கு இதில் கவலை இருக்கிறது. ஆக்சின், சைட்டோகைனின் உள்ள ஊக்கியை வீங்கிய செடிக்குத் தெளித்தால் நோய் அடங்கும் என்று நம்ப ஒரு காரணமும் இல்லை, கிருமி எதைத் திருகிக்கொண்டிருக்கிறதோ அதைத்தான் நாமும் அள்ளிக் கொட்டுகிறோம். சாலிசிலிக் அமிலமும் அளவு கூடினால் செடியின் வளர்ச்சியையே அமுக்கிவிடும், குறைந்தால் பலன் இல்லை, அதுவும் தொற்று வேரில் இறங்குவதற்கு முன்னால் கொடுத்தால்தான். வாட்டம் கண்ணில் பட்டபோது கிருமி நுழைந்து வாரக்கணக்கில் ஆகியிருக்கும். வீங்கிய வேரை மறுபடி சல்லிவேராக மாற்ற எந்த மருந்தும் கிடையாது, விற்பவர் எவ்வளவு உறுதியாகச் சொன்னாலும் அந்தப் பணத்தைச் செலவு செய்ய வேண்டாம்.

ஹார்மோன் வழியாகவே உண்மையில் பலன் தருவது எதிர்ப்பு ரகங்கள். ஐரோப்பாவில் மாட்டுத் தீவனத்துக்கு வளர்த்த டர்னிப் ரகங்களில் இயற்கையாகவே எதிர்ப்பு மரபணுக்கள் இருந்தன, அவற்றை சைனீஸ் முட்டைக்கோஸுக்கும் கனோலாவுக்கும் கலப்பினத்தில் கொண்டுவந்தார்கள். சிஆர்ஏ, சிஆர்ஆர்1ஏ போன்ற அந்த மரபணுக்கள் உண்டாக்கும் புரதங்கள் கிருமியின் அடையாளத்தைக் கண்டுபிடித்ததும் செடியின் தற்காப்பை, சரியான செல்லில், சரியான நேரத்தில் எழுப்பிவிடுகின்றன. நாம் தெளிப்பானால் செய்ய முடியாதது அதுதான். சிக்கல், ஒரே மரபணுவை நம்பினால் கிருமி சீக்கிரம் அதைத் தாண்டிவிடும். கனடாவில் எட்மன்டன் பக்கம் கனோலா வயல்களில் 2003இல் இந்த நோயைக் கண்டார்கள், 2009இல் எதிர்ப்பு ரகம் சந்தைக்கு வந்தது, 2013இல் அந்த எதிர்ப்பை மீறும் கிருமி வயலில் தெரிந்துவிட்டது. நாலே வருஷம். 2023இல் சீன ஆய்வாளர்கள் அரபிடாப்சிஸில் வெய்ட்சிங் என்ற மரபணுவைக் கண்டுபிடித்தார்கள், வேரின் நடுக் குழாய்களைச் சுற்றியிருக்கும் பெரிசைக்கிள் அடுக்கில் மட்டும் அது விழித்தெழுந்து, செல்லுக்குள் கால்சியம் பாயும் வழியைத் திறந்து தற்காப்பை முடுக்குகிறது. பல வகைக் கிருமிகளையும் அது தடுப்பதால் நம்பிக்கை இருக்கிறது, விவசாயி கைக்கு விதையாக வருவது வேறு விஷயம்.

அதுவரை மண்தான். இந்தக் கிருமிக்கு அமில மண் பிடிக்கும், நீலகிரியின் மண் இயல்பாகவே அமிலத்தன்மை உள்ளது, மலைப் பயிரில் இது தலைவலியாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். சுண்ணாம்பு இட்டு மண்ணின் அமில-கார அளவான பிஎச் 7.2க்கு மேலே கொண்டுவந்தால் வித்து முளைப்பதும் வேர்த்தூவிக்குள் நுழைவதும் குறையும், அதாவது ஹார்மோன் கதை ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே தடுத்துவிடுகிறோம். ஆனால் அதே நிலத்தில் உருளைக்கிழங்கு போடுபவர்கள் கவனமாக இருக்க வேண்டும், காரம் ஏறிய மண்ணில் கிழங்குக்குச் சொறி நோய் கூடும். எவ்வளவு சுண்ணாம்பு என்பதை மண் பரிசோதனை பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், பக்கத்துத் தோட்டத்துக்காரர் போட்ட அளவைப் பார்த்து அல்ல.

பயிர் சுழற்சி என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் ஒரு வருஷம் விட்டு முட்டைக்கோஸ் போடுவதைச் சுழற்சி என்று நினைத்துக்கொண்டால் ஏமாற்றம்தான். ஸ்வீடனில் 1996இல் வெளியான அளவீட்டின்படி மண்ணில் இருக்கும் வித்துகளின் தொற்றும் திறன் பாதியாகக் குறையவே 3.6 வருஷம் ஆனது, நோய் வாங்கும் பயிர் எதுவும் போடாமல் இருந்தால் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்க 17 வருஷத்துக்கு மேல் ஆனது. சுழற்சியில் முட்டைக்கோஸுக்குப் பதிலாக முள்ளங்கியோ நூல்கோலோ கடுகோ போட்டால் அது சுழற்சியே இல்லை, ஒரே குடும்பம். வேலியோரத்தில் தானாக முளைக்கும் காட்டுக் கடுகும் அந்தக் கணக்கில் சேரும். கேரட், உருளை, பூண்டு, பீன்ஸ் என்று வேறு குடும்பங்களுக்குப் போக வேண்டும், வீங்கிய வேர்களை வயலிலேயே உழுதுவிடாமல், குப்பைக்குழியில் போட்டு எருவாகத் திருப்பியும் கொண்டுவராமல், பிடுங்கி வெளியே எடுத்து எரித்துவிட வேண்டும்.

ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு இது பெரும்பாலும் மண்ணோடுதான் போகிறது, செருப்பில், மண்வெட்டியில், உழவு இயந்திரச் சக்கரத்தில், எல்லாவற்றையும்விட நாற்றின் வேரில். வெளியிலிருந்து நாற்று வாங்கினால் கட்டுக்கட்டாக அப்படியே நட்டுவிடாமல் பத்து இருபது நாற்றின் வேரைத் தண்ணீரில் அலசிப் பாருங்கள், அரிசி அளவுக்கு ஒரு தடிப்பு தெரிந்தாலும் அந்தக் கட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அலசிய தண்ணீரையும் வயலில் ஊற்ற வேண்டாம்.